சொல்லும் கொக்கி, செய்யும் கொக்கி

2021 மே மாதம் கூகுள் டாக்ஸ் பற்றி ஓர் அறிவிப்பு வந்தது. இதுவரை ஆவணத்தை ஹெச்டிஎம்எல் கூறுகளாகத் திரையில் காட்டிவந்தோம், இனி கேன்வாஸில் வரைந்து காட்டுவோம், வேகம் கூடும், எல்லாத் தளங்களிலும் ஒரே மாதிரி தெரியும் என்பது அதன் சாரம். டாக்ஸில் எழுதுகிறவர்கள் கவலைப்பட அதில் ஒன்றுமில்லை. ஆனால் கூடவே ஓர் எச்சரிக்கையும் இருந்தது: டாக்ஸ் பக்கத்தின் ஹெச்டிஎம்எல் அமைப்பை நம்பி எழுதப்பட்ட குரோம் நீட்சிகள் சில எதிர்பார்த்தபடி வேலை செய்யாமல் போகலாம். காரணம் எளிது. முன்பு ஒவ்வொரு வரியும் பக்கத்துக்குள் ஒரு ஹெச்டிஎம்எல் கூறாக இருந்தது. வெளியார் எழுதிய நிரல் உள்ளே எட்டிப் பார்த்து, ஒரு சொல்லைக் கண்டுபிடித்து, அது திரையில் எங்கே இருக்கிறது என்று அளந்து, அதன் கீழே சிவப்புக் கோடு இழுக்க முடிந்தது. கேன்வாஸில் இருப்பதோ வெறும் நிறப்புள்ளிகள். மனிதக் கண்ணுக்கு அது எழுத்து. நிரல் பிடித்துக்கொள்ள அங்கே எதுவும் கிடையாது. அந்த நீட்சிகளை எழுதியவர்கள் கூகுளிடம் சண்டை போடவும் வழியில்லை. பக்கத்தின் உள்ளமைப்பு இப்படியே இருக்கும் என்று யாரும் அவர்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கவில்லை.

பலர் பயன்படுத்தும் ஓர் எடிட்டருக்குள் வெளியார் நிரலை எந்த வாசல் வழியாக விடுவது என்பதே இந்த அத்தியாயத்தின் கேள்வி. முறையாக விடப்படும் வாசலுக்கு நிரலாளர்கள் கொக்கி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எடிட்டர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போகும் வழியில் குறிப்பிட்ட சில இடங்களில் நிற்கும். விசை அழுத்தப்பட்டது, வரி வரையப்படப் போகிறது, ஆவணம் சேமிக்கப்படப் போகிறது என்பது போன்ற இடங்கள் அவை. ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு பெயரும், அந்தப் பெயரில் பதிவு செய்துகொண்ட செயற்கூறுகளின் பட்டியலும் இருக்கும். அங்கே வந்ததும் எடிட்டர் அந்தப் பட்டியலை வரிசையாக அழைத்துவிட்டு மேலே போகும். செருகுநிரல் என்பது இப்படிப் பதிவு செய்துகொண்ட செயற்கூறுகளின் ஒரு தொகுப்பு. இந்தக் கொக்கிகளில் இரண்டு வகை உண்டு. ஒன்றில், அழைக்கப்பட்ட செருகுநிரல் தன் வேலையைத் தானே செய்து முடித்துவிடும்: திரையை மாற்றும், எழுத்தைச் சேர்க்கும், நிறம் பூசும். இன்னொன்றில், தனக்கு என்ன வேண்டும் என்பதை மட்டும் சொல்லித் திரும்பிவிடும். செய்வதா, எப்போது செய்வது, எப்படிச் செய்வது என்பதை எடிட்டர் முடிவு செய்யும். முன்னது செய்யும் கொக்கி: அலுவலகக் கோப்பைத் தானே எடுத்துத் திருத்துவது. பின்னது சொல்லும் கொக்கி: மனுக் கொடுப்பது. உலாவியில் ஓடும் எடிட்டரைப் பொறுத்தவரை, செருகுநிரலின் கையைக் கட்டுவதாகத் தோன்றும் இந்த இரண்டாவது வகைதான் அந்தச் செருகுநிரலுக்கு நீண்ட ஆயுளைத் தருகிறது என்பது என் வாதம்.

திரைக்குப் பின்னால் இன்னோர் ஆவணம்

வாதத்துக்குள் போகும் முன், உலாவிக்குள் ஓர் எடிட்டர் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம். வலைப்பக்கத்தை உலாவி தன் நினைவகத்தில் ஒரு மரமாக வைத்திருக்கிறது: பத்தி ஒரு கிளை, அதற்குள் தடித்த எழுத்து ஒரு கிளை, அதன் நுனியில் எழுத்துகள். இதற்கு டாம் என்று பெயர். 2000இல் வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5.5, இந்த மரத்தின் எந்தக் கிளையையும் பயனர் நேரடியாகத் தட்டச்சு செய்து மாற்றலாம் என்ற வசதியைக் கொண்டுவந்தது. பிற உலாவிகளும் அதைப் பின்பற்றின. 2003இல் வந்த எஃப்சிகே எடிட்டர், 2004இல் வந்த டைனிஎம்சிஇ ஆகியவை இப்படி உலாவியே தரும் திருத்தும் வசதியின் மேல் கட்டப்பட்டவை. ஆனால் அந்த அடித்தளம் ஆட்டம் கண்டதாகவே இருந்தது. என்டர் விசையைத் தட்டினால் ஓர் உலாவி புதிய பத்தியை உண்டாக்கும், இன்னொன்று பெட்டியை உண்டாக்கும், மற்றொன்று வெறும் வரிமுறிவைப் போட்டுவிட்டுப் போகும். திரையில் எல்லாம் ஒன்றுபோல் தெரிந்தாலும் உள்ளே மூன்று வேறு மரங்கள் வளர்ந்திருக்கும்.

இதற்குத் தீர்வாக அடுத்த தலைமுறை எடிட்டர்கள் ஆவணத்தை டாமில் வைப்பதை விட்டுவிட்டன. தமக்கென்று ஒரு தனி ஆவண மாதிரியை நினைவகத்தில் வைத்துக்கொண்டு, டாமை அதன் பிரதிபலிப்பாக மட்டும் நடத்தத் தொடங்கின. கூகுள் டாக்ஸ் 2010இல் புதிதாக எழுதப்பட்டபோது இந்தப் பாதைக்கு மாறியது. மரைன் ஹாவர்பெக எழுதிய புரோஸ்மிரர், பிறகு வந்த சிகே எடிட்டர் 5 போன்றவையும் இதே வழியில் வந்தவை. பயனர் தட்டும் ஒவ்வொரு விசையும் முதலில் மாதிரியில் ஒரு மாற்றமாகப் பதிவாக வேண்டும். அதிலிருந்து திரை திரும்ப வரையப்படும். கொக்கிகளைப் பற்றிய கேள்வி கூர்மையாவது இங்கேதான். திரையில் தெரிவது அசல் ஆவணத்தின் நிழல் என்றால், நிழலின் மேல் வண்ணம் பூசும் செருகுநிரல் எதையும் மாற்றியதாக ஆகாது. அடுத்த முறை நிழல் விழும்போது அந்த வண்ணம் காணாமல் போயிருக்கும்.

இரு வகைக் கொக்கிகளின் வேறுபாடு வலையுலகுக்குப் புதிதும் இல்லை. 2004இல் வெளியான வேர்ட்பிரஸ் 1.2 செருகுநிரல்களை அனுமதித்தபோதே இரண்டு வகையான கொக்கிகளை வைத்தது. ஒன்று ஆக்ஷன்: இன்ன நேரத்தில் உன் வேலையைச் செய்துகொள். மற்றொன்று ஃபில்டர்: இந்தா ஒரு மதிப்பு, வேண்டுமானால் மாற்றித் திருப்பிக் கொடு. அவை சர்வரில் ஓடிய பிஎச்பி கொக்கிகள். 2018 டிசம்பரில் வேர்ட்பிரஸ் 5.0 உடன் புதிய பிளாக் எடிட்டர் வந்தபோது, இதே ஏற்பாடு ஜாவாஸ்கிரிப்டில், பயனரின் உலாவிக்குள் குடிபுகுந்தது. பிளாக் ஒன்றின் அமைப்பையோ தோற்றத்தையோ மாற்ற விரும்பும் செருகுநிரல், ஃபில்டர் வழியாகத் தன் மாற்றத்தைத் திருப்பிக் கொடுக்கிறது. சொல்லும் கொக்கி என்று நான் அழைப்பது பெரும்பாலும் இந்த ஃபில்டரின் வாரிசுகளைத்தான்.

ஒரு சிவப்புச் சொல்லின் பயணம்

ஒரே ஒரு செருகுநிரலை அருகில் வைத்துப் பார்த்தால் இந்த வேறுபாடு தெளிவாகும். ஈதர்பேட் என்பது பலர் ஒரே நேரத்தில் ஒரே ஆவணத்தில் எழுத உதவும் எடிட்டர். ஆப்ஜெட் என்ற சிறு நிறுவனம் 2008 நவம்பரில் இதை வெளியிட்டது. 2009 டிசம்பரில் கூகுள் அந்நிறுவனத்தை வாங்கியது; அதே மாதம் மூல நிரல் திறந்துவிடப்பட்டது. பிறகு தன்னார்வலர்கள் அதை நோட்.ஜேஎஸ் தளத்தில் புதிதாக எழுதினார்கள். ஈதர்பேடில் தடித்த எழுத்து, சாய்வெழுத்து போன்ற அடிப்படை வசதிகள் உண்டு. எழுத்துக்கு நிறம் கொடுக்க ஒரு செருகுநிரல் வேண்டும். அதை நிறுவுபவர் சர்வரின் நிர்வாகி. செருகுநிரலோடு வரும் ஈபி.ஜேசன் என்ற சிறு கோப்பில், எந்தக் கொக்கிக்கு எந்தக் கோப்பிலுள்ள எந்தச் செயற்கூறு பதில் சொல்லும் என்று எழுதியிருக்கும். சர்வரில் ஓடும் கொக்கிகளுக்கு ஒரு பட்டியல், உலாவியில் ஓடும் கொக்கிகளுக்கு ஒரு பட்டியல். இரண்டாவது பட்டியலில் உள்ளவை அந்த ஆவணத்தைத் திறக்கும் எல்லோருடைய உலாவிக்கும் அனுப்பப்படும்.

இப்போது ஒருவர் ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்து, சிவப்பு என்ற பொத்தானை அழுத்துகிறார். செருகுநிரல் திரையைத் தொடுவதில்லை. இந்த இடம் முதல் இந்த இடம் வரை, நிறம் என்ற பண்புக்கு சிவப்பு என்ற மதிப்பு வேண்டும் என்று எடிட்டரிடம் சொல்கிறது. ஈதர்பேடின் மாதிரி ஆவணத்தை எழுத்துகளின் நீண்ட சரமாகவும், எழுத்துகளின் மேல் ஒட்டிய பண்புகளாகவும் வைத்திருக்கிறது. பண்பும் மதிப்பும் சேர்ந்த ஒவ்வொரு இணைக்கும் ஓர் எண் தரப்படும். ஆகவே பயனர் செய்த வேலை, முதலில் இத்தனை எழுத்துகளை அப்படியே விடு, அடுத்த இத்தனை எழுத்துகளில் இந்த எண்ணை ஒட்டு என்ற மிகச் சிறிய குறிப்பாகச் சுருங்கிவிடும். இந்தக் குறிப்பு சர்வருக்குப் போகிறது. அதே நொடியில் வேறொருவர் ஆவணத்தின் தொடக்கத்தில் ஒரு வரியைச் சேர்த்திருந்தால், எண்ணிக்கைகள் அதற்கேற்ப நகர்த்தப்பட்டு, மாற்றப்பட்ட குறிப்பு எல்லோருக்கும் அனுப்பப்படும். மற்றவர்களின் உலாவியில் அந்த வரி வரையப்படும்போது எடிட்டர் ஒரு கொக்கியில் நின்று கேட்கும்: நிறம் என்ற பண்பும் சிவப்பு என்ற மதிப்பும் கொண்ட எழுத்துகள் வந்திருக்கின்றன, இவற்றுக்கு என்ன சிஎஸ்எஸ் வகுப்பு போட வேண்டும்? செருகுநிரல் ஒரு வகுப்பின் பெயரைத் திருப்பிக் கொடுக்கும். அவ்வளவுதான் அதன் பங்கு. எதிர்த்திசைக்கும் ஒரு கொக்கி உண்டு: திரையில் உள்ளதை எடிட்டர் மாதிரிக்குள் திரும்ப வாசிக்கும்போது, இந்த வகுப்பைப் பார்த்தால் அது சிவப்பு நிறப் பண்பு என்று எடுத்துக்கொள் எனச் செருகுநிரல் எடுத்துச் சொல்லும்.

இதே வேலையைச் செய்யும் கொக்கியாக எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பொத்தானை அழுத்தியதும் செருகுநிரல் டாம் மரத்தில் அந்தச் சொல்லைப் பிடித்து, நேரடியாகச் சிவப்பாக்கியிருக்கும். அழுத்தியவர் திரையில் உடனே சிவப்பு தெரியும். பக்கத்து ஊரில் அதே ஆவணத்தைத் திறந்து வைத்திருப்பவருக்கு எதுவும் தெரியாது, ஏனென்றால் மாதிரியில் எதுவும் மாறவில்லை. இவர் அதே வரியில் இன்னொரு எழுத்தைத் தட்டியதும், எடிட்டர் வரியை வாசித்துத் தனக்குப் புரிந்ததை மட்டும் வைத்துக்கொண்டு மறுபடி வரையும், சிவப்பு போய்விடும். செயல்நீக்கு விசையை அழுத்தினால், எடிட்டரின் வரலாற்றில் இல்லாத ஒரு செயலை அதனால் நீக்கவும் முடியாது. சொல்லும் கொக்கியில் இந்த மூன்றும் இலவசமாகக் கிடைக்கின்றன. மற்றவர்களுக்கு அனுப்புவது, மறுபடி வரைவது, செயல்நீக்குவது எல்லாம் எடிட்டரின் பொறுப்பு. செருகுநிரலை எழுதியவர் இவற்றைப் பற்றி ஒரு வரிகூட யோசிக்க வேண்டியதில்லை.

விசையை நம்பாதே, விளைவைக் கேள்

சொல்வதற்கும் செய்வதற்கும் இடையிலுள்ள இடைவெளி, தமிழில் தட்டச்சு செய்பவர்களின் திரையில் இன்னும் பச்சையாகத் தெரியும். ஆங்கிலத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்ட செருகுநிரல்கள் பலவும் ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்று நினைத்துக்கொள்கின்றன. கைபேசியில் ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழைப் பெறுபவர், முதலில் க் வந்து, அது கொ ஆகி, பிறகு பரிந்துரைகளிலிருந்து முழுச் சொல்லாக மாறுவதைப் பார்த்திருப்பார். அந்த இடைக்காலத்தில் திரையில் இருப்பது இன்னும் முடிவாகாத எழுத்து. உலாவி இதைக் கோத்தல் நிலை என்று கருதி, தொடங்கியது, மாறியது, முடிந்தது என்று தனி அறிவிப்புகள் தரும். அப்போது விசை நிகழ்வைக் கேட்கும் நிரலுக்கு, ஆண்ட்ராய்டு குரோமில் பெரும்பாலும் 229 என்ற ஒரே எண்தான் வரும். ஏதோ நடக்கிறது, எந்த விசை என்று கேட்காதே என்பதே அந்த எண்ணின் பொருள். இந்த நேரத்தில் ஒரு செருகுநிரல் தானாகப் புகுந்து அந்த வரியின் டாமை மாற்றினால் கோத்தல் பாதியில் அறுந்துவிடும். எழுத்து காணாமல் போகும், அல்லது இரண்டு முறை விழும்.

இதற்குத் தீர்வு, கொக்கியின் கேள்வியையே மாற்றுவது. வரியின் தொடக்கத்தில் # என்ற குறியும் இடைவெளியும் போட்டால் அந்த வரி தலைப்பாக வேண்டும் என்று ஒரு செருகுநிரல் விரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். # விசை அழுத்தப்பட்டதா என்று காத்திருக்கும் செருகுநிரல், 229 வந்ததும் திகைத்துப் போகும். புரோஸ்மிரர் வேறு வழி வைத்திருக்கிறது: கர்சருக்கு முன்னால் உள்ள உரை இன்ன வடிவத்தை அடைந்தால் இன்ன மாற்றம் வேண்டும் என்று ஒரு விதியாக எழுதிக் கொடுத்துவிடலாம். எழுத்து விசையிலிருந்து வந்ததா, பரிந்துரையிலிருந்து வந்ததா என்பது எடிட்டரின் கவலை. கணக்குப் பார்க்கும் இடத்திலும் இதே கதை. தமிழ் என்ற சொல்லில் நமக்கு மூன்று எழுத்து. ஜாவாஸ்கிரிப்ட் அதன் நீளத்தை 5 என்று சொல்லும், ஏனென்றால் இகரக் குறியையும் புள்ளியையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. எழுத்தெல்லையை அறியும் வசதி இன்றைய உலாவிகளில் இருக்கிறது. அதை ஒவ்வொரு செருகுநிரலும் தனித்தனியாகச் சரிசெய்வதைவிட, எடிட்டர் ஒரே இடத்தில் சரியாகச் செய்து, ஓர் எழுத்து முன்னே போ என்று சொன்னால் போதும் என்று வைப்பது புத்திசாலித்தனம். தான் அறியாத மொழிக்கும் செருகுநிரல் சரியாக வேலை செய்ய வேண்டுமென்றால், மொழி சார்ந்த வேலையை அது தன் கையில் எடுத்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும்.

ஒன்றுக்கு மேற்பட்ட செருகுநிரல்கள் சேரும்போது இந்த வாதம் இன்னும் வலுக்கிறது. எழுத்துப்பிழை பார்க்கும் செருகுநிரல் ஒரு சொல்லுக்கு அடிக்கோடு கேட்கிறது. தேடல் செருகுநிரல் அதே சொல்லின் பாதிக்கு மஞ்சள் பின்னணி கேட்கிறது. இருவரும் டாமில் தாமாகக் கை வைத்தால், கடைசியில் வந்தவர் முன்னவரின் வேலையைச் சிதைப்பார். இரண்டும் கோரிக்கைகளாக மட்டும் வந்தால், எடிட்டர் சொல்லை இரண்டு துண்டாக்கி, ஒன்றில் இரண்டையும் மற்றதில் ஒன்றையும் போட்டுவிடும். 2022இல் வெளியான கோட்மிரர் 6 என்ற எடிட்டர் இந்த எண்ணத்தை அடித்தளமாகவே ஆக்கிக்கொண்டது. அங்கே பல செருகுநிரல்கள் ஒரே விஷயத்துக்குத் தரும் மதிப்புகளை எப்படிச் சேர்த்து ஒன்றாக்குவது என்ற விதி, அந்த விஷயத்தை வரையறுக்கும்போதே எழுதப்படுகிறது. வேண்டுமானால் முன்னுரிமையையும் செருகுநிரல் வெளிப்படையாகச் சொல்லலாம். இதனால் எல்லாச் சண்டையும் தீர்ந்துவிடும் என்று சொல்ல மாட்டேன். புரோஸ்மிரரில் ஒரு செருகுநிரல் மற்றவர் செய்த மாற்றத்தைப் பார்த்துத் தன் மாற்றத்தைப் பின்னால் சேர்க்கலாம். ஒன்று இடைவெளியைச் சேர்க்க, இன்னொன்று நீக்க, இருவரும் விடாமல் மல்லுக்கட்ட வாய்ப்பு உண்டு. ஆனால் அந்த மல்லுக்கட்டு எடிட்டரின் கண் முன்னால் நடக்கிறது. எங்கே தொடங்கியது என்று தேடிக் கண்டுபிடிக்க முடியும்.

எதிர்வாதங்கள்

சொல்லும் கொக்கியே மேல் என்ற வாதத்துக்கு முதல் மறுப்பு ஈமாக்ஸிலிருந்து வரும். 1970களில் எம்ஐடி செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் பிறந்த அந்த எடிட்டர், எல்லாவற்றையும் திறந்து வைத்திருக்கிறது. கொக்கியில் தொங்கும் நிரல் எதை வேண்டுமானாலும் மாற்றலாம். எடிட்டரின் சொந்தச் செயற்கூறுகளையே சுற்றி வளைத்து வேறு மாதிரி நடக்க வைக்கலாம். அது இன்றும் உயிரோடு இருக்கிறதே, பிறகு கட்டுப்பாடு எதற்கு என்பது கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் ஈமாக்ஸ் வாழும் சூழலைப் பார்க்க வேண்டும். ஒரு கணினி, ஒரு பயனர், அவரே நிரலாளர். செருகுநிரல் எதையாவது கெடுத்தால் அதன் மூலத்தைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர். கெட்டுப்போவதும் அவருடைய திரை மட்டுமே. பலர் சேர்ந்து எழுதும் வலை ஆவணத்தில், ஒருவர் உலாவியில் நடக்கும் பிழை எல்லோர் ஆவணத்திலும் போய் விழும். தவிர, ஈமாக்ஸின் சுதந்திரத்துக்கும் விலை உண்டு. கொக்கியில் தொங்கும் ஒரு செயற்கூறு நேரம் எடுத்துக்கொண்டால், அது முடியும் வரை எடிட்டர் முழுவதும் உறைந்து நிற்கும். தன் கணினியில் அதைப் பொறுத்துக்கொள்கிறவர், வலைப்பக்கத்தில் அப்படி நடந்தால் பக்கத்தை மூடிவிட்டுப் போவார்.

ஒப்பிட்டுப் பார்க்க ஏற்ற இரட்டையர், ஒரே எலக்ட்ரான் தளத்தில் கட்டப்பட்ட ஆட்டம், விஎஸ் கோட் என்ற இரண்டு நிரல் எடிட்டர்கள். 2014இல் கிட்ஹப் வெளியிட்ட ஆட்டம், செருகுநிரல்களுக்கு டாமை முழுவதுமாகத் திறந்துவிட்டது. தொடக்கத்தில் அது பெரும் உற்சாகத்தைக் கொடுத்தது; எடிட்டரின் எந்த மூலையையும் மாற்றலாம். ஆனால் எழுத்துப் பகுதியின் உள்ளமைப்பை ஒரு மறைப்புக்குள் வைத்துப் பார்த்து, பிறகு அந்த மறைப்பை எடுத்தபோது, அதை நம்பியிருந்த தீம்களும் செருகுநிரல்களும் திருத்தப்பட வேண்டியதாயிற்று. 2015இல் வந்த விஎஸ் கோட், செருகுநிரல்களைத் தனிச் செயல்முறையில் வைத்தது. டாமைக் கண்ணில் காட்டவே இல்லை. ஆவணத்தைச் சேமிக்கும் முன் செருகுநிரல்களைக் கேட்கும் கொக்கியில்கூட, எல்லோருக்கும் சேர்த்து ஒரு கால வரம்பு உண்டு. அது தீர்ந்தால் மீதியுள்ளவர்கள் அழைக்கப்பட மாட்டார்கள், அடிக்கடி தாமதம் செய்பவர்களை இனி கூப்பிடவே மாட்டார்கள். ஆட்டம் 2022 டிசம்பரில் மூடப்பட்டது. அதற்குக் காரணம் கொக்கி மட்டும் என்று சொன்னால் மிகையாகும். 2018இல் மைக்ரோசாஃப்ட் கிட்ஹப்பை வாங்கியதும் அந்தக் கதையில் உண்டு. என் வாதத்துக்கு வலுவான சான்று 2021 அக்டோபரில் வந்த விஎஸ்கோட்.டெவ் தளம். அந்த எடிட்டர் முழுவதும் உலாவிக்குள் வந்தபோது, செருகுநிரல்கள் வெப் வொர்க்கர் என்ற தனி அறையில் ஓடின. அந்த அறையில் டாமே கிடையாது. முதலிலிருந்தே டாம் தரப்படாததால், கணினியின் பிற வசதிகளைச் சாராத செருகுநிரல்கள் அந்த அறைக்குள் குடியேற முடிந்தது. ஆரம்பத்தில் இல்லை என்று மறுத்தது, ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு பலன் தந்தது.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. எடிட்டரை எழுதியவர் யோசிக்காததைச் சொல்லும் கொக்கி வழியாகச் செய்யவே முடியாதே என்பார்கள். உண்மைதான். விஎஸ் கோடில் அடைப்புக்குறிகளுக்கு இணை இணையாக நிறம் கொடுக்கும் செருகுநிரல் ஒன்று மிகவும் புகழ்பெற்றிருந்தது. பெரிய கோப்புகளில் அது தவித்தது. அடைப்புக்குறி உரைக்குறிப்புக்குள் இருக்கிறதா, மேற்கோளுக்குள் இருக்கிறதா என்று எடிட்டருக்குத் தெரிந்ததைக் கேட்டுப் பெற அதற்குக் கொக்கி இல்லை. எல்லாவற்றையும் தானே மறுபடி அலச வேண்டியிருந்தது. கடைசியில் 2021 ஆகஸ்ட் பதிப்பில் எடிட்டரின் குழுவே அந்த வசதியை உள்ளுக்குள் எழுதியது. பழைய செருகுநிரலைவிட பத்தாயிரம் மடங்கு வேகம் என்று அறிவித்தது. இதைக் கட்டுப்பாட்டின் தோல்வி என்று படிக்கலாம். நான் அதில் இன்னொன்றையும் பார்க்கிறேன். மெதுவாக இருந்தாலும் அந்தச் செருகுநிரல், இப்படி ஒரு தேவை இருக்கிறது என்று நிரூபித்தது. அதைப் போட்டுக்கொள்ளாதவர்களின் எடிட்டரைத் துளியும் பாதிக்கவில்லை. உள்வசதி வந்ததும் எதையும் உடைக்காமல் விலகிக்கொண்டது. இல்லாத கொக்கியைப் பின்னால் சேர்ப்பது ஒரு பதிப்பின் வேலை. கொடுத்துவிட்ட கொக்கியைத் திரும்பப் பிடுங்குவது பல ஆண்டுகளின் கசப்பு. 2017 நவம்பரில் ஃபயர்ஃபாக்ஸ் 57 தன் பழைய நீட்சிகளைக் கைவிட்டபோது அதைப் பார்த்தோம். உலாவியின் உட்புறத்தை இஷ்டம்போல் தொட அனுமதித்த அந்த முறை, பல செயல்முறைகளாகப் பிரியும் புதிய கட்டமைப்புக்குத் தடையாக நின்றது.

மூன்றாவது மறுப்பு பாதுகாப்பு பற்றியது. இதில் வாதத்தின் எல்லையை நானே சொல்லிவிட வேண்டும். சொல்லும் கொக்கி ஆவணத்தின் ஒழுங்கைக் காக்கும், ரகசியத்தைக் காக்காது. ஈதர்பேட், புரோஸ்மிரர் செருகுநிரல்கள் எடிட்டர் ஓடும் அதே பக்கத்தில் ஓடுகின்றன. கெட்ட எண்ணம் கொண்ட ஒன்று, கொக்கியில் பவ்யமாகப் பதில் சொல்லிக்கொண்டே, பக்கத்தில் உள்ளதை எல்லாம் படித்து வெளியே அனுப்பலாம். கணினியில் நிறுவிய விஎஸ் கோடிலும் செருகுநிரலுக்குப் பயனரின் கோப்புகள் எல்லாம் எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. இதற்குத் தனிச் சுவர் வேண்டும். ஃபிக்மா என்ற வடிவமைப்புக் கருவி, செருகுநிரல்களை ஒரு மென்பொருள் வேலிக்குள் வைத்தது. 2019இல் அந்த வேலியில் ஓட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டதும், வெப்அசெம்பிளிக்குள் ஓடும் ஒரு தனி ஜாவாஸ்கிரிப்ட் இயந்திரத்துக்கு மாற்றியது. ஆனால் கவனியுங்கள், இப்படிச் சுவர் எழுப்புவதும் சொல்லும் கொக்கிகளால்தான் எளிதாகிறது. சுவருக்கு அப்பால் சொற்களை அனுப்பலாம். டாம் மரத்தின் கிளையை ஒடித்து அனுப்ப முடியாது.

எஞ்சியிருப்பது அதிகாரம் பற்றிய கேள்வி. கொக்கியின் எண்ணிக்கையை முடிவு செய்பவர் எடிட்டரின் உரிமையாளர் என்றால், அவர் கஞ்சத்தனம் காட்டினால் என்ன செய்வது? கூகுள் டாக்ஸே இதற்கு உதாரணம். 2014 முதல் அதற்கு முறையான துணைநிரல்கள் உண்டு. அவை கூகுளின் சர்வரில் ஓடுகின்றன, பக்கவாட்டில் ஒரு பெட்டி காட்டலாம். கூகுளின் விரிதாளில், ஒரு கட்டம் திருத்தப்பட்டதும் அழைக்கும் கொக்கி இருக்கிறது. டாக்ஸில் பயனர் தட்டச்சு செய்யும்போது அழைக்கும் அப்படி ஒரு கொக்கி தரப்படவில்லை. தட்டும்போதே இலக்கணம் பார்க்க நினைத்தவர்கள் பின்வாசல் வழியாக, ஹெச்டிஎம்எல்லைக் குடைந்து உள்ளே போனதற்கு இந்தப் பஞ்சமும் ஒரு காரணம். கதவே இல்லாத வீட்டில் சன்னல் வழியாக ஏறுபவரை மட்டும் குறை சொல்வது முறையாகாது. விஎஸ் கோடிலும் தோற்றத்தைத் தம் விருப்பப்படி மாற்ற நினைத்த சிலர் நிறுவிய கோப்புகளையே திருத்துகிறார்கள். எடிட்டர் தன் தலைப்புப் பட்டையில் ஆதரவில்லை என்று எழுதிக்காட்டி எதிர்ப்பைத் தெரிவிக்கிறது.

ஆகவே சொல்லும் கொக்கி என்பது செருகுநிரல் எழுதுபவர் மீது மட்டும் விதிக்கப்படும் ஒழுக்கம் ஆகிவிடக் கூடாது. கையைக் கட்டியவர் காதைத் திறந்து வைக்க வேண்டும். எந்தக் கோரிக்கைகள் மறுக்கப்படுகின்றன, ஏன், புதிய கொக்கியைக் கேட்க வழி என்ன என்பது வெளிப்படையாக இருக்க வேண்டும். விஎஸ் கோட் புதிய ஏபிஐகளை முன்மொழிவு நிலையில் வைத்து, சோதனைப் பதிப்பில் பழகவிட்டு, சந்தைக்கு அனுப்பாமல் நிறுத்தி, தேறியதை மட்டும் நிரந்தரமாக்குகிறது. இது அந்தக் கடமையை ஏற்றுக்கொண்ட ஒரு முறை. ஓர் எடிட்டரை மதிப்பிடும்போது அது எத்தனை கொக்கிகள் தருகிறது என்று எண்ணுவது போதாது. அடுத்த ஆண்டு அந்த எடிட்டர் தன் உள்ளமைப்பு முழுவதையும் மாற்றினாலும், இன்று எழுதிய செருகுநிரல் ஒரு வரியும் திருத்தாமல் ஓடுமா என்று கேட்க வேண்டும். ஓடும் என்று பதில் சொல்லக்கூடிய எடிட்டரில், செருகுநிரல் எழுதுபவருக்குக் கிடைக்கும் சுதந்திரம் பார்வைக்குச் சிறியதாக இருக்கலாம். ஆனால் அது அவருடைய சொந்தச் சுதந்திரம், இன்னொருவரின் கவனக்குறைவால் கிடைத்த சலுகை அல்ல.